சத்தம் வலப்பக்கம் என்றேன்

ஐம்பத்தொரு வயதில் மற்றவர்களுக்கு முட்டிவலி வரும், சர்க்கரை வரும். எனக்கு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. பெங்களூரில் இரண்டு பேர் ஓட்டி அலுத்துப்போய் மூன்றாவதாக என்னிடம் தள்ளிவிட்ட சிவப்பு வண்டி. இரண்டே கதவு, இரண்டே சீட்டு. தரைக்கும் வண்டிக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருந்தால் அதிகம்.

ஆரணியில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டால் என்னிடம் நேர்மையான பதில் கிடையாது. ஒவ்வொரு வேகத்தடையையும் பக்கவாட்டில் சாய்த்துச் சாய்த்துத்தான் ஏற்ற வேண்டும். பின்னால் வருகிற பஸ்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருப்பான். உள்ளே உட்கார்ந்தால் கால் நீண்டு முதுகு சாய்ந்துவிடும். "பட்டுக்கடைக்காரரு படுத்துகினு போறாரு பாரு" என்று கடைத்தெருவில் சொல்வது என் காதிலேயே விழுந்திருக்கிறது. எனக்குக் கோபம் வரவில்லை. பொறாமையில் பேசுகிறார்கள் என்று உள்ளுக்குள் குளிர்ந்துகொண்டேன். அப்படிப்பட்ட ஆள்தான் நான்.

என் மனைவி அதில் ஏறியது ஒரே ஒரு நாள், பூஜை போட்ட அன்று. கோயில்வரை வந்தாள். இறங்குவதற்குள் பட்டுப்புடவை கதவில் சிக்கி, கை கொடுத்துத் தூக்கும்படி ஆகிவிட்டது. "ஏறணும்னா தரையில உக்காரணும், இறங்கணும்னா ரெண்டு ஆளு தூக்கணும். எனக்கு வேணாங்க இந்த வண்டி" என்றாள். அதற்குப் பிறகு இடப்பக்கத்து சீட் காலியாகவே இருந்தது. நானும் யாரையும் ஏற்றவில்லை. சாவியை இன்னொருவர் கையில் கொடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. வண்டியைக் கழுவும்போதுகூடப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

மூன்றாவது மாதம் சத்தம் வந்தது.

"டக்." கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு "டக் டக்". நல்ல சாலையில் வராது. ஒட்டுப்போட்ட சாலை வந்ததும் ஆரம்பிக்கும். வளைவில் ஒன்று கேட்கும். இன்ஜினை முறுக்கினாலும் குறைத்தாலும் அது பாட்டுக்கு இருக்கும், அதனால் இன்ஜினில் இல்லை என்பதுவரை எனக்கே தெரிந்தது. கண்ணமங்கலம்வரை போய்த் திரும்புவதுதான் என் தினசரி வாடிக்கை. அந்தப் பாதையில் எந்த இடத்தில் சத்தம் வரும், எந்த இடத்தில் வராது என்று ஒரு வாரத்தில் மனப்பாடம் ஆகிவிட்டது. மூன்றாவது வாரம் பாட்டுப் போடுவதை நிறுத்தினேன். ஏசியை அணைத்துவிட்டு, வியர்வை கொட்டக் கொட்ட, ஸ்டியரிங்மேல் குனிந்து அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு போனேன்.

வலப்பக்கம். பின்சக்கரத்துக்குக் கிட்டே, அடியில். எனக்குச் சந்தேகமே இல்லை.

சந்தேகம் இல்லாததற்குக் காரணம் இருக்கிறது. புடவை வாங்கி விற்கும் வியாபாரத்துக்கு வருவதற்கு முன்னால் இருபத்திரண்டு வருடம் பவர்லூம் ஷெட் நடத்தியவன் நான். பன்னிரண்டு தறி. ஒன்று பிசகினால் நான் இருந்த இடத்திலிருந்தே, "ஏழாவது தறியைப் பாரு" என்று கையைக் காட்டுவேன். போய்ப் பார்த்தால் சரியாக இருக்கும். தறித்தொழிலில் இருந்த எல்லோருக்கும் இந்தத் திமிர் உண்டு. கண்ணை நம்பமாட்டோம், காதை நம்புவோம். என் காதைப் பற்றி நானே பத்து இடத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் கடை வேன்களைப் பத்து வருடமாகப் பார்த்துவந்த மெக்கானிக் ஒருவன் இருந்தான். என்னைவிட எட்டு வயது சின்னவன். வேலூர் ரோட்டில் ஊர் முடிகிற இடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சின்ன ஒர்க் ஷாப். தனி ஆள். மழை பெய்தால் பாதி இடத்தில்தான் வேலை செய்ய முடியும். வேலையில் சுத்தம், பேச்சில் சிக்கனம். அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த வண்டியில் ஏறினாலும், நின்றிருக்கும் வண்டியாகவே இருந்தாலும், முதலில் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டுத்தான் கதவைச் சாத்துவான். எங்கள் ஊரில் போலீஸ் தலை தெரிந்தால்தான் பெல்ட்டைத் தேடுவார்கள். அதனால் அவனைக் கிண்டல் செய்வோம். அவன் கண்டுகொள்ள மாட்டான்.

அந்தச் சமயத்தில் அவனுக்கு ஒரு பெரிய வாய்ப்பு வரவிருந்தது. ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பது வேன்கள் ஓடுகின்றன. அவற்றை வருடம் முழுவதும் பராமரிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். பள்ளியின் தாளாளர் எனக்கு இருபது வருடப் பழக்கம், தினமும் காலையில் ஒரே டீக்கடையில் உட்காருகிறவர்கள் நாங்கள். மெக்கானிக் என்னிடம் வந்து, "அண்ணா, நீங்க ஒரு வார்த்த சொன்னா போதுங்க. ஒன்பது வேன் இருந்தா பக்கத்து எடத்தையும் சேத்து எடுத்து நல்லா கூரை போட்டுடுவேன். வேலைக்கு எங்க அண்ணன் மவனையும் வச்சிக்கலாம்" என்றான். பத்து வருடத்தில் அவன் என்னிடம் கேட்ட ஒரே உதவி அது. சொல்கிறேன் என்றேன். தாளாளரிடம் சொல்லவும் சொன்னேன். பள்ளி திறப்பதற்குள் முடிவு செய்வதாக அவர் சொல்லியிருந்தார்.

ஆக, சிவப்புக் காரும் அவனிடம்தான் போயிற்று.

முதல் நாள் வண்டியை ஓட்டிக் காட்டக் கூட்டிக்கொண்டு போனேன். நான் ஸ்டியரிங்கில், அவன் பக்கத்தில். ஏறியதும் பெல்ட்டை மாட்டினான். கண்ணமங்கலம்வரை போனோம். சத்தம் வரவேயில்லை. வழக்கமாக வருகிற ஒட்டுப்போட்ட இடம், பாலத்து வளைவு, ரயில்வே கேட் எல்லாவற்றையும் தாண்டினோம். ஒன்றுமில்லை. பல்வலிக்காரன் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்ததும் வலி போய்விடுமே, அந்த மாதிரி. அவனை ஒர்க் ஷாப்பில் இறக்கிவிட்டுத் திரும்பினால், இருநூறு அடி தாண்டியதும் "டக்".

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. அவன் வண்டியில் இருந்தால் சத்தம் இல்லை, இறங்கினால் இருக்கிறது. நாலாவது நாள் அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "அண்ணா, ஒரு தபா சாவி குடுங்க. நான் மட்டும் தனியா ஓட்டினு போயிட்டு வரேன். அஞ்சு நிமிசம்" என்றான்.

கொடுக்கவில்லை. "எதுக்கு, ஊர் சுத்தவா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். அவன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பார்த்தும் கொடுக்கவில்லை. அந்த ஐந்து நிமிடத்தை அவனுக்குக் கொடுத்திருந்தால் இதை எழுதவேண்டிய அவசியமே வந்திருக்காது.

"சத்தம் எந்தப் பக்கம்னு நான்தான் சொல்றேனே. வலப்பக்கம், பின்னாடி, அடியில. என் காது பொய் சொல்லாது. அதைப் பிரி" என்றேன்.

பிரித்தான். மூன்று தடவை பிரித்தான். முதல் தடவை எல்லா நட்டையும் இறுக்கினான். இரண்டாவது தடவை கதவின் உள்பலகையைக் கழற்றிப் பஞ்சு வைத்தான். மூன்றாவது தடவை பின்சக்கரத்துப் பக்கம் ஒரு ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறது என்று அதை மாற்றினான். சத்தம் அதே சத்தம்தான். ஒவ்வொரு தடவையும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தவுடன் நான் போன் போட்டுக் கத்துவேன். அவன், "கொண்டாங்கண்ணா, பாக்கலாம்" என்பான். அவன் குரலில் களைப்பு தெரிய ஆரம்பித்தது. அதை நான் அலட்சியம் என்று எடுத்துக்கொண்டேன்.

மனம் ஒரு திசையில் போக ஆரம்பித்தால் நிற்காது. இவன் ஏதோ தப்பு செய்துவிட்டான், அதை மறைக்கத்தான் சத்தமே வரவில்லை என்று சாதிக்கிறான் என்று தோன்றியது. வேலூரில் ஒரு பெரிய ஒர்க் ஷாப்புக்கு வண்டியைக் கொண்டுபோனேன். தூக்கிப் பார்த்த ஆள், "சத்தத்தைப் பாக்கணும்னா வண்டிய நாலு நாள் விட்டுட்டுப் போங்க சார்" என்றார். நான் விடமாட்டேன் என்றேன். அவர் கீழே குனிந்து, "இந்தப் பக்கம் புஷ் கம்பெனிது இல்ல போலருக்குது, வெளி புஷ்" என்று போகிறபோக்கில் ஒரு வார்த்தை சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது. கம்பெனி சாமான் என்று சொல்லி மட்டமான சாமானை மாட்டியிருக்கிறான். வேலூரிலிருந்து ஆரணி வரும்வரை சத்தம் "டக் டக்" என்று என்னை ஏற்றிவிட்டுக்கொண்டே வந்தது.

அடுத்த நாள் காலையில்தான் அவனைத் தாளாளருக்கு அறிமுகம் செய்துவைப்பதாகச் சொல்லியிருந்தேன். கோபத்தில் அது மறந்தே போயிருந்தது. டீக்கடையில் வழக்கமான கூட்டம், பத்துப் பேர் இருப்போம். பாதிப் பேர் பட்டு வியாபாரிகள், எல்லோரிடமும் ஒரு வண்டியோ இரண்டு வண்டியோ உண்டு. அவன் வந்தான். தேய்த்த வெள்ளைச் சட்டை. நகத்தில் எப்போதும் இருக்கும் கிரீஸ் அன்று இல்லை. தாளாளரைப் பார்த்துக் கும்பிட்டான். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

நான் உட்கார்ந்தபடியே, "வாப்பா. ஒரிஜினல் புஷ்னு சொல்லி எத்தனை வண்டிக்கு டூப்ளிகேட் மாட்டியிருக்கிற?" என்று கேட்டேன்.

அவனுக்கு முதலில் புரியவில்லை. "இன்னாண்ணா?" என்றான்.

"வேலூர்ல தூக்கிப் பாத்தாச்சு. வெளி சாமான். பத்து வருசமா எங்க வேனுங்களுக்கும் இதைத்தான் பண்ணிகினு இருந்தியா?"

"அண்ணா, அது வெளி புஷ்ஷுதாங்க. நான் உங்ககிட்ட சொல்லிட்டுதானே போட்டேன்? கம்பெனிது வர ஒரு மாசம் ஆவும், இப்போதைக்கு இத்த போடறேன், வந்ததும் மாத்திடறேன்னு சொன்னனே. பக்கத்துல நின்னுகினுதான் சொன்னேன். சரின்னு தலையாட்டினீங்களே."

"எப்போ சொன்ன?"

"அன்னிக்கு ஷாப்புல. காத்தடிக்கிற கம்ப்ரஸர் ஓடிகினு இருந்துச்சே, அப்போ."

"திருடறதும் திருடிட்டு பொய் வேற சொல்றியா" என்றேன்.

திருடன் என்ற சொல்லை அவ்வளவு சுலபமாகச் சொன்னேன். அவன் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு சொல்லவில்லை. தாளாளர் பக்கம் திரும்பாமல், மாஸ்டர் நீட்டிய டீயையும் வாங்காமல் போய்விட்டான். அவன் பதில் பேசாமல் போனதை என் வெற்றி என்று நினைத்தேன். தாளாளர், "நல்ல வேளை, முன்னாடியே சொன்னீங்க" என்றார். அவருக்கு நான் பெரிய உபகாரம் செய்துவிட்ட மாதிரி மீசையைத் தடவிக்கொண்டேன். அன்றே எங்கள் கடை வேன்களை வேறு இடத்துக்கு மாற்றினேன். இன்னும் மூன்று வியாபாரிகளும் மாற்றினார்கள்.

இது நடந்தது ஏப்ரலில். மே மாதம் நடுவில் வந்தவாசியில் ஒரு கல்யாணம். வீட்டுக் காரை என் தம்பி முந்தின நாளே எடுத்துக்கொண்டு போய்விட்டான். முகூர்த்த நாள், வாடகை வண்டி கிடைக்கவில்லை. என் மனைவி வேறு வழியில்லாமல், புடவையை இரண்டு கையாலும் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, என்னைத் திட்டிக்கொண்டே சிவப்பு வண்டியில் இறங்கி உட்கார்ந்தாள். இறங்கித்தான் உட்கார வேண்டும். பெல்ட் போடச் சொன்னேன். "மடிப்பு கசங்கிடும்" என்று மறுத்துவிட்டாள்.

ஊரைத் தாண்டியதும் "டக் டக்" ஆரம்பித்தது.

எனக்கு ஒரே உற்சாகம். கடைசியில் ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. "கேக்குதா? கேக்குதா உனக்கு? இதுக்குத்தான் அவன் சத்தமே இல்லன்னு சாதிச்சான்" என்றேன்.

"கேக்குதே. இதோ எங்காதுகிட்டயே அடிச்சுகினு கீது."

"இல்ல, வலப்பக்கம். பின்னாடி, அடியில."

அவள் இடது தோளுக்குப் பின்னால் கையை விட்டாள். சத்தம் நின்றது. கையை எடுத்தாள். "டக்." மறுபடி கையை விட்டாள். நின்றது. பெல்ட்டின் நுனியில், பூட்டில் செருகுவதற்கு ஓர் இரும்புத் தகடு இருக்கும் இல்லையா? அந்த வண்டியில் பெல்ட்டை உள்ளே இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதால், யாரும் பெல்ட் போடாவிட்டால் அது கதவுக்குப் பின்னால் தொளதொளவென்று தொங்கும். வண்டி குலுங்கும்போதெல்லாம் பக்கத்துப் பிளாஸ்டிக்கில் போய் இடிக்கும். அவ்வளவுதான். இரண்டு மாதம் என்னைத் தூங்கவிடாத சத்தம் அவ்வளவுதான். மெக்கானிக் ஏறியதும் பெல்ட்டை மாட்டிக்கொள்வான். அதனால்தான் அவன் இருக்கும்போது சத்தம் வரவில்லை.

எனக்கு உடனே வெட்கம் வந்ததா என்றால், இல்லை. எரிச்சல்தான் வந்தது. "அது வேற சத்தம். நான் சொல்றது வலப்பக்கம் வர்ற சத்தம்" என்றேன்.

"ஓரமா நிறுத்துங்க" என்றாள்.

சேத்துப்பட்டு தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன். இன்ஜினை அணைக்கச் சொன்னாள். "கண்ண மூடுங்க. நான் உங்க காதுகிட்ட விரல மெதுவா உரசறேன். எந்தப் பக்கம்னு கைய காட்டுங்க." சின்னப் பிள்ளை விளையாட்டு என்று சலித்துக்கொண்டு கண்ணை மூடினேன். முகூர்த்த நேரம் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

"சரி, ஜல்தி ஆரம்பி" என்றேன்.

"மூணு தபா பண்ணிட்டேங்க" என்றாள்.

கண்ணைத் திறந்தேன். அவளுடைய கை என் இடது காதுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. என் முகத்துக்கு எதிரில் கையைக் கொண்டுவந்து அதே மாதிரி விரல்களை உரசினாள். மெல்லிய சத்தம்தான், தெளிவாகக் கேட்டது. அவள் கேலி செய்யவில்லை. "நாலு வருசமா சொல்லிகினு இருக்கேன். சொன்னா கோவம் வருது உங்களுக்கு" என்று மட்டும் சொன்னாள்.

ஷெட்டில் நான் உட்காரும் மேசை சுவர் ஓரமாக இருந்தது. பன்னிரண்டு தறியும் எனக்கு இடப்பக்கம். இருபத்திரண்டு வருடம் அந்தக் காது மட்டும் தறிகளைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. ஒரு காது போனால் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் இன்னொரு காதில்தான் விழும். எனக்கு உலகமே வலப்பக்கம் இருந்திருக்கிறது. அந்தக் காதை வைத்துக்கொண்டுதான் ஒரு மனிதனுடைய பத்து வருட வேலையை எடைபோட்டேன்.

கல்யாண மண்டபத்தில் இலை முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் மற்றது உறைத்தது. இடப்பக்கம் உட்கார்ந்திருந்த உறவுக்காரர் என்னவோ பேசிக்கொண்டிருந்தார். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். பவர்லூம் ஷெட்டில் இருந்தவர்களிடம் இந்தப் பழக்கத்தைப் பார்க்கலாம். தறி ஓடும்போது எதிரில் நிற்பவன் வாய் அசைவது தெரியும், பேச்சு கேட்காது. ஒவ்வொரு தடவையும் "என்ன, என்ன" என்று கேட்டால் வேலை நடக்காது. அதனால் தலையை ஆட்டிவிடுவோம். முக்கியமான விஷயமாக இருந்தால் மறுபடி வருவான் என்று ஒரு நம்பிக்கை. ஷெட்டை விட்ட பிறகும் தலை பழக்கத்தை விடாது.

கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது என்று அவன் சொன்னானே. அவன் எந்தப் பக்கம் நின்று சொன்னான் என்று யோசித்தேன். அவன் ஒர்க் ஷாப்பில் எனக்காகப் போடும் ஸ்டூலுக்கு வலப்பக்கம் சுவர். அவன் இடப்பக்கம்தான் நின்றிருக்க முடியும். அவன் சொல்லியிருக்கிறான். நான் தலையாட்டியிருக்கிறேன். அவன் பொய் சொல்லவில்லை. இலையில் பாயசம் ஊற்றிவிட்டுப் போனார்கள், அதைத் தொடாமல் இலையை மூடினேன்.

இதற்கு மேல் எழுதுவதுதான் கஷ்டம். இதுவரை நடந்ததையாவது தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பள்ளி திறக்க இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தது. வேன் வேலையை யாருக்கும் கொடுத்திருக்கவில்லை, எனக்கு அது நன்றாகத் தெரியும். மறுநாள் டீக்கடையில் எல்லோரும் இருந்தார்கள். "சத்தத்தைக் கண்டுபிடிச்சாச்சு" என்று ஆரம்பித்து பெல்ட் கதையைச் சொன்னேன். அதை ஒரு வேடிக்கைக் கதையாக்கிச் சொன்னேன், மனைவி புடவையைச் சுருட்டிக்கொண்டு ஏறியதையெல்லாம் சேர்த்து. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தாளாளர் மட்டும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப அந்த மெக்கானிக் மேல தப்பில்லையா?" என்று கேட்டார்.

"சத்தத்துல அவன் மேல தப்பில்ல."

"டூப்ளிகேட் சாமான் போட்டான்னீங்களே?"

அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் அவன் சொன்னது என் காதில் விழவில்லை என்று சொல்ல வேண்டும். எனக்கு ஒரு காது செவிடு என்று சொல்ல வேண்டும். என் காதின் பெருமையை என் வாயாலேயே பத்துத் தடவை கேட்ட பத்துப் பேர் எதிரில் இருந்தார்கள். நாளையிலிருந்து ஒவ்வொருவனும் கையைக் குவித்துக்கொண்டு என்னிடம் கத்திப் பேசுவான்.

"அது… அது என்னமோ, விடுங்க" என்றேன்.

விட்டுவிட்டார்கள். பேச்சு பட்டு விலைக்குப் போய்விட்டது. நான் சொன்ன அந்த 'விடுங்க'வால் மெக்கானிக் திருடனாகவே இருந்துவிட்டான்.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தினமும் நினைத்தேன். தாளாளரைத் தனியாகப் பார்க்கும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். தனியாகவும் இரண்டு தடவை பார்த்தேன். வேலூரில் காது டாக்டரிடம் காட்டிவிட்டு, உறுதியாகத் தெரிந்துகொண்டு சொல்லலாம் என்று ஒரு வாரம் ஓட்டினேன். டாக்டர் உறுதியாகச் சொன்னார், மிஷின் வைத்துக்கொள்ளச் சொன்னார். யாருக்கும் தெரியாத மாதிரி சின்ன மிஷின் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டேன். திரும்பி வரும்போது பெல்ட்டைப் பூட்டில் செருகி வைத்திருந்தேன். வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று, ஒரு சத்தமில்லை. அவனுடைய ஒர்க் ஷாப்பைத் தாண்டும்போது வேகத்தைக் கூட்டினேன்.

பள்ளி திறப்பதற்கு நாலு நாள் முன்னால் தாளாளர் டீயை உறிஞ்சிக்கொண்டே, "வேன் மெயின்டெனன்ஸ் வேலூர் பார்ட்டிக்குக் குடுத்துட்டேன். ஒரு வருசத்துக்கு அக்ரிமென்ட் போட்டாச்சு. பேஜாரு தீந்துச்சு" என்றார். நான் நல்லது என்றேன். வாய் தானாகவே அப்படிச் சொல்லிவிட்டது.

அதற்குப் பிறகும் நான் உடனே போகவில்லை. போனது பள்ளி திறந்த பிறகு. மத்தியானம் இரண்டு மணி வாக்கில், யாரும் இருக்கமாட்டார்கள் என்று நேரம் பார்த்துப் போனேன். கடை வேனில் போனேன், சிவப்புக் காரை எடுக்க மனம் வரவில்லை. கூரை பழைய கூரையாகவே இருந்தது. அவன் ஒரு மினி லாரியின் அடியில் படுத்திருந்தான். என் செருப்பைப் பார்த்ததும் வெளியே வந்தான். எழுந்து நின்று கையைத் துடைத்தான். "வாங்க" என்றான். அண்ணா என்று சொல்லவில்லை.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பெல்ட்டைச் சொன்னேன். காதைச் சொன்னேன், கம்ப்ரஸர் சத்தத்தில் அவன் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டதைச் சொன்னேன். பத்துப் பேர் எதிரில் அந்த வார்த்தையைச் சொன்னதற்கு மன்னிக்கச் சொன்னேன். என்னைவிட எட்டு வயது சின்னவனிடம் மன்னிப்புக் கேட்பது பெரிய காரியம் என்றுகூட அந்த நேரத்தில் மனதின் ஒரு மூலையில் ஓடியது. அப்படி ஒரு மூலை எனக்கு இருக்கிறது.

"தெரியுங்க" என்றான்.

"எது தெரியும்?"

"உங்க காது. அன்னிக்கு டீக்கடையிலயே தெரிஞ்சிபோச்சு. எப்போ சொன்னன்னு கேட்டீங்க பாருங்க, பொய்யா கேக்கல நீங்க. நெசமாவே கேக்கறீங்கன்னு மூஞ்சியிலயே தெரிஞ்சுது. கம்ப்ரஸரு ஓடிச்சின்னு சொன்னதும் எனக்கே பிடிபட்டுச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே. எனக்குக் காது கேக்காதுன்னு அங்கயே சொல்லியிருந்தா உம்மேல பழி வந்திருக்காதே."

"பத்துப் பேரு எதிர்ல ஒரு பெரிய மனுசர செவுடுன்னு எப்படிங்க சொல்றது?"

அவன் மினி லாரியின் பக்கம் திரும்பி, ஸ்பேனரை எடுத்து, அளவு பார்த்து, திரும்ப வைத்தான்.

"பெல்ட்டு கதையச் சொல்லிட்டீங்கன்னு மே மாசமே காதுக்கு வந்துச்சு. எப்படியும் இதையும் சொல்லிடுவீங்கன்னு பாத்துகினு இருந்தேன். ஸ்கூல் தொறக்கற வரைக்கும் பாத்தேங்க" என்றான்.

அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். டீக்கடைக்கு என்னுடன் வா, உன்னை வைத்துக்கொண்டே எல்லோரிடமும் சொல்கிறேன் என்றேன். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு மறுபடி லாரியின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

அன்று மாலையே தாளாளரையும் மற்ற எல்லோரையும் டீக்கடைக்கு வரச்சொல்லி, என் காதைப் பற்றியும் அவன் சொன்னதைப் பற்றியும் ஒன்று விடாமல் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. பள்ளி திறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.